டிரம்முக்கு எதுக்குக் கரண்டு?

புதிதாக இசை வகுப்பெடுக்க வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் என்னைவிடப் படித்தவர்கள். கிரேடு பரீட்சை எழுதியிருக்கிறீர்கள், சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன். தாள் பார்த்து வாசிப்பது, விரல் வைப்பது, குச்சி பிடிப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். என்னிடம் இருப்பது நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த கதைதான். அதில் பெரியதை எடுத்து எழுதுகிறேன். வகுப்புக்கு வாடகை இடம் பார்க்கப் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் இசைக்கு வந்தது ஆசையால் இல்லை. லாரியில் கிளீனராக இருந்தேன். பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். அப்புறம் ஒரு சர்க்கஸில் கூடாரத்துக் கயிறு இழுக்கச் சேர்ந்தேன். அங்கே பேண்டில் சைடு டிரம் அடிப்பவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவர் ஊருக்குப் போனார், குச்சி என் கைக்கு வந்தது. இப்படித்தான் நான் கலைஞன் ஆனேன்.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். ஊஞ்சலில் ஒரு பெண் இந்தக் கம்பியை விட்டு அந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும். விடும் வரை டிரம் உருட்ட வேண்டும், விட்டதும் நிறுத்த வேண்டும், பிடித்ததும் ஒரே அடி அடிக்க வேண்டும். அவள் கம்பியை விட்டாள். அந்தரத்தில் அவளைப் பார்த்த பயத்தில் நான் அப்போதே "டம்" என்று அடித்துவிட்டேன். அவள் திடுக்கிட்டு வலையில் விழுந்தாள். எழுந்து நேராக வந்து என் தலையில் குட்டினாள். பேண்டு மாஸ்டர் குட்டவில்லை. கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே, "அடிக்காம இருக்கிறதுக்கும் சேத்துத்தான் உனக்குச் சம்பளம்" என்றார். அவர் பெயரைக் கடைசி வரை நான் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பல ஊர் சுற்றினேன். ஒரு கல்யாணக் கச்சேரிக்காக அருப்புக்கோட்டைக்கு வந்தேன். கச்சேரி முடிந்து திரும்பிய வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றியபின் எனக்கு இடமில்லை. அடுத்த வேன் வரும்வரை இருக்கலாம் என்று தங்கியவன் பதினோரு வருடம் இருந்துவிட்டேன்.

வகுப்பு நடத்தக் கிடைத்த இடம் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடி. காலையிலிருந்து இருட்டும்வரை கீழே தறிகள் ஓடும். அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இது சத்தமே இல்லை. தறி நின்றால்தான் என்னமோ ஏதோ என்று வாசலுக்கு வருவார்கள். எட்டுத் தறிகளில் சுவரை ஒட்டிய தறியில் ஏதோ ஒரு கட்டை தளர்ந்திருந்தது. மற்றதெல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும், அது மட்டும் தனியாக "டக், டக், டக்" என்று தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறும். அணிவகுத்து நடக்கும் நடையணிக்கு அடிக்கும் வேகத்துக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். எனக்கு அது தொந்தரவாகப் படவில்லை. நாலு நாளில் காதுக்கே கேட்காமல் போய்விட்டது. நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அது தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

பாண்டியம்மாள் வகுப்புக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். பக்கத்துத் தெருவில் வேறொரு கூடத்தில் பன்னிரண்டு வருடமாகத் தறி ஓட்டுகிறவர். காலை ஷிப்டு முடித்துவிட்டு, தலையில் பஞ்சுத்தூசியோடு மாடியேறி வந்து நின்றார். அவருடைய மகள் என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸிங் படிக்க மதுரைக்குப் போய்விட்டாள்.

"அவ இடம் சும்மாதான கெடக்கு மாஸ்டர், நான் உக்காந்துக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"டாக்டரு சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டு வருசம் தறிக்குள்ள நின்னா காது அம்புட்டுத்தானாம். பாலவனத்தத்துக்கிட்ட ஒரு இஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைகளுக்குப் பேண்டு சொல்லிக்குடுக்க ஒரு பொம்பள வாத்தியார் தேடுறாகளாம். யாரும் கெடைக்கலையாம். நான் போகலாம்ல?"

"உங்களுக்குப் பேண்டு தெரியுமா?"

"தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் வாரேன்?"

உட்காரச் சொன்னேன்.

ஓர் ஒலி எவ்வளவு நேரம் என்று சொல்லும் நான்கு குறிகளைப் பலகையில் எழுதினேன். முழு, அரை, கால், அரைக்கால். முழுக் குறிக்கு நாலு எண்ண வேண்டும், அரைக்கு இரண்டு, கால் குறிக்கு ஒன்று. இதைச் சொல்லி முடித்ததும் எல்லா மாணவரும் விழிப்பார்கள். நீங்களும் பார்ப்பீர்கள். பாண்டியம்மாள் விழிக்கவில்லை, சண்டைக்கு வந்தார்.

"கால்னு சொல்றீக. ஆனா ஒண்ணுனு எண்ணுறீக. எது நெசம்?"

"கால்தான் ஒண்ணு."

"அப்ப முழுசு நாலா?"

"ஆமா."

"ஒண்ணு எப்பிடி மாஸ்டர் நாலாகும்? சேலைக்காரன் இப்பிடிக் கணக்குச் சொன்னா நாங்க விடுவமா?"

பக்கத்தில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்த காதர் பாய் சிரித்தார். அவர் பல வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். ஊரில் ஒரு பழைய வேன் வாங்கி ஓட்டிக்கொண்டு, மீதி நேரத்தில் கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தார். "நானும் இதையே கேட்டேன்மா. மாஸ்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து சமாளிச்சுட்டாரு" என்றார்.

நான் வட்டம் போட்டு நாலாக வெட்டிக் காட்டினேன். பாண்டியம்மாள் பலகையைப் பார்க்கவில்லை, தன் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முந்தானையை விரித்து இரண்டாக மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார்.

"முழுச் சேல ஒண்ணு. அத நாலா மடிச்சா, ஒரு மடிப்பு கால். நாம எண்ணுறது சேலைய இல்ல, மடிப்ப. அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான். அதன் பிறகு அந்தப் பாடத்தை நான் துண்டை மடித்துத்தான் நடத்தினேன். நான் கண்டுபிடித்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மௌனக் குறிகளிலும் அவர் வழி தனி. இசைத்தாளில் கோட்டுக்குக் கீழே தொங்கும் சிறு கட்டைக்கு நாலு எண்ணும் நேரம் சும்மா இருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கட்டைக்கு இரண்டு. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும், படித்தவர்களே மாற்றி அடிப்பார்கள். பாண்டியம்மாள் ஒருமுறை பார்த்துவிட்டு, "தொங்குறவன் பாவம், நாலு எண்ணுற வரைக்கும் தொங்கணும். உக்காந்தவன் சொகுசா ரெண்டோட எந்திருச்சிருவான்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதில் தப்பியதே இல்லை.

மூன்று மாதத்தில் அவர் என் வகுப்பிலேயே முதல் ஆள் ஆகிவிட்டார். அடி இரும்பாக விழும். வேகம் கூடாது, குறையாது. மௌனத்தில் குச்சி அந்தரத்தில் நிற்கும், சரியான இடத்தில் இறங்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே பஸ் ஏறி அந்தப் பள்ளிக்குப் போய்த் தாளாளரைப் பார்த்தேன். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, அவசரமான ஆள்.

"அவுகளுக்குச் சர்டிபிகேட்டு ஏதும் இருக்கா?"

"இல்லைங்க. எனக்கும் இல்லை."

அவருக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை காலை வரச் சொன்னார். பத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே குச்சி பிடிக்கத் தெரியும். ஒரு மணி நேரம் கொடுப்பார். அதற்குள் அவர்களுக்கு ஒரு நடையணித் தாளம் சொல்லிக்கொடுத்துக் கொடிக்கம்பத்தைச் சுற்றி நடத்திக் காட்ட வேண்டும். அவர் எங்கேயோ ஓர் அணிவகுப்பில் ஒன்று பார்த்திருக்கிறார். அதுதான் வேண்டுமாம்.

"மூணு வரி அடிக்கணும் மாஸ்டர். நாலாவது வரியில டிரம்மு சுத்தமா நிக்கணும். நடை மட்டும் போகணும். அப்புறம் எல்லாம் ஒண்ணா 'டம்'முனு விழணும். ஏற்கெனவே ரெண்டு பேர் வந்தாக. நிக்கச் சொன்ன எடத்துல நிக்கத் தெரியல. அனுப்பிட்டேன்."

"அதுதாங்க எங்க பாண்டியம்மாளுக்குக் கைவந்த கலை" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை மதியம் வகுப்பு. பாண்டியம்மாள் டிரம்மில், காதர் பாய் கீபோர்டில், நான் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு. மூன்று வரி அடி, ஒரு வரி மௌனம். இரண்டாவது சுற்றில் மூன்றாம் வரியின் நடுவே எல்லாம் நின்றது. கீபோர்டு நின்றது. டிரம் நின்றது. கண்ணைத் திறந்தேன். பாண்டியம்மாள் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்மா நிறுத்திட்டீங்க?"

"கரண்டு போயிருச்சே மாஸ்டர்."

"டிரம்முக்கு எதுக்கும்மா கரண்டு?"

அவர் குச்சியைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். "அதான?" என்றார்.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரத்தை நிறுத்துவார்களே, அது அந்த மாதம் தாமதமாக மதியத்தில் ஆரம்பித்திருந்தது. காலையில் போகாததால் நான் வகுப்பு வைத்துவிட்டேன். வழக்கமாக அந்த நாளில் கீபோர்டு ஓடாது என்று நான் வகுப்புக்கு விடுமுறை விட்டுவிடுவேன். அதனால் அத்தனை வருடத்தில் அந்த மாடியை நான் தறிச் சத்தம் இல்லாமல் கேட்டதே இல்லை.

"சரி, கரண்டு இல்லாட்டி என்ன, அடிங்க" என்றேன். அடித்தார். முதல் வரி சுமார். இரண்டாம் வரி வேகம் பிடித்தது. மூன்றாம் வரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடியது. மௌனத்தில் இரண்டு எண்ணுவதற்குள் "டம்" விழுந்தது. மறுபடி அடித்தார். இந்த முறை நாலு போய் ஆறாகியும் குச்சி இறங்கவில்லை. என்னைத் திருதிருவென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுங்க இங்க" என்று வாங்கி நான் அடித்துக் காட்டினேன். மூன்றாம் வரியில் என் கால் தரையில் எதையோ தேடுவது எனக்கே தெரிந்தது. காதர் பாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாஸ்டர், ஒங்களுக்கும் கரண்டு வேணும்போல."

பாண்டியம்மாள் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆனால் எனக்குப் பழைய சொதப்பல்கள் நினைவுக்கு வந்தன. திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் என் மாணவர்கள் வரவேற்பு இசையை அடித்த அடியில், சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்குவதற்குள் இசை முடிந்துவிட்டது. மேடைப் பயம் என்று சொன்னேன். இன்னொரு கல்யாணத்தில் ஊர்வலத்தைவிட பேண்டு இருநூறு அடி முன்னால் போய்விட்டது. வெயில் என்று சொன்னேன். எல்லாமே நான் செய்தது. நான் அவர்களுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கவில்லை. கீழே சுவரோரத் தறி எண்ணியது, நாங்கள் எல்லோரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். மௌனக் குறியில் பாண்டியம்மாள் நின்ற அழகைப் பார்த்து நான் பெருமைப்பட்டேனே, அந்த மௌனத்தில் ஒரு கணம்கூட மௌனம் இருந்ததில்லை.

பாண்டியம்மாள் சிரிப்பை நிறுத்தினார். "சனிக்கெழம அங்க தறி இருக்காதுல்ல மாஸ்டர்" என்றார்.

காதர் பாய் தன் கைப்பேசியில் தாளம் தட்டும் ஆப் ஒன்றை இறக்கினார். அது "டிக் டிக்" என்றால் பாண்டியம்மாள் பிசகாமல் அடித்தார். அணைத்தால் மறுபடி ஓட்டம். ஒரு தறியை விட்டு இன்னொரு தறியில் ஏறியதுதான் மிச்சம். உங்கள் கையிலும் அந்த ஆப் இருக்கும். வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாடத்தின் பாதியில் அதை அணைத்துப் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அவர் ஷிப்டு முடிந்ததும் காதர் பாயின் வேனில் மூவரும் எம்.ரெட்டியபட்டி போகும் வழியில் ஒரு வறண்ட கண்மாய்க்குள் இறங்கினோம். சுற்றிலும் சீமைக்கருவேலம். தறி கிடையாது, ஆள் கிடையாது, காற்றுகூடக் கிடையாது. டிரம்மை மாட்டிக்கொண்டு பாண்டியம்மாள் அடித்தார். ஐந்து நிமிடத்தில் கரைமேல் ஓர் ஆட்டுக்காரர் வந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, யாரு தவறிட்டது?"

"யாரும் தவறல, நாந்தான் தவறித் தவறி அடிக்கிறேன். போங்கய்யா" என்றார் பாண்டியம்மாள்.

ஆட்டுக்காரர் துண்டைத் தலையில் கட்டினார். போகவில்லை. உட்கார்ந்துகொண்டார்.

மௌனம் சரியாகவே வரவில்லை. நான் என் சர்க்கஸ் கதையைச் சொன்னேன். கம்பியை விட்டவள் அந்தரத்தில் இருக்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே ஒரே நல்ல பாடம் அது. பாண்டியம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"நான் சர்க்கஸ் பாத்ததே இல்லையே மாஸ்டர். அந்தப் பிள்ளைக்கு அடி பட்டுச்சா?"

"இல்லைம்மா, வலை இருந்துச்சு."

"நல்ல வேள" என்றார். அவ்வளவுதான். பாடம் அவர் பக்கம் போகவே இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு எது புரியவைத்ததோ அது அடுத்தவருக்கும் புரியவைக்கும் என்று கட்டாயம் இல்லை.

பொழுது சாய ஆரம்பித்தது. பாண்டியம்மாளின் முகம் வாடிவிட்டது. "விட்ருவமா மாஸ்டர்? தறியே ஓட்டிக்கிறேன். காது போனா போகுது, எம் மாமியா பேசுறது கேக்காம நிம்மதியா இருக்கலாம்" என்றார். சிரிக்கவேண்டிய பேச்சுத்தான். ஆட்டுக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

கடைசியாக ஒருமுறை என்று அடிக்கச் சொன்னேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே வேனருகே நின்ற காதர் பாயைப் பார்த்து அவர் வாயை அசைத்தார். சத்தமே இல்லை, உதடு மட்டும் பெரிதாக அசைந்தது. காதர் பாய் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். மறுபடி உதடு அசைந்தது.

"என்ன மாஸ்டர், இந்தம்மா வாய மட்டும் ஆட்டுது? சத்தம் போயிருச்சா?"

பாண்டியம்மாள் நிறுத்தினார். "தண்ணி பாட்டில எடுத்து வைங்கனு சொன்னேன் பாய். பழக்கதோசம். தறிக்குள்ள கத்துனா யாருக்குக் கேக்கும்? எட்டுத் தறி தள்ளி நிக்கிறவககிட்டயும் ஒதட்டாலதான் பேசுவம். எங்க கூடத்துல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு இருக்காக. சண்டையே ஒதட்டுலதான். நாங்க எல்லாம் வேலையப் பாத்துக்கிட்டே பாத்துக்கிருவம்."

என் காதில் விழுந்தது வேறு. தண்ணீர் கேட்டு அவர் உதட்டை அசைத்த அந்த ஒரு வரியில் டிரம் வேகம் பிடிக்கவில்லை.

"அம்மா, அதே மாதிரி வாயை அசைங்க. சத்தம் வேண்டாம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அடிக்கும்போதும் சொல்லுங்க, சும்மா இருக்கும்போதும் சொல்லுங்க. காதர் பாய்க்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"பாய்க்குத்தான் வெளங்காதே."

"வெளங்காட்டிப் போகுது, சொல்லுங்க."

அடித்தார். உதடு எண்ணியது. மூன்றாம் வரி முடிந்து குச்சி நின்றது. கண்மாய் முழுக்கச் சத்தமில்லை. உதடு மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. "டம்." சரியாக விழுந்தது. நான் வாய் திறப்பதற்குள் கரையிலிருந்து ஆட்டுக்காரர், "இப்ப சரி" என்றார்.

சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் இறங்கியதுமே பாட்டுச் சத்தம் காதை அடைத்தது. பக்கத்திலேயே அம்மன் கோயில் பொங்கல். கூம்பு ஸ்பீக்கர் ஒன்றைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். குத்துப்பாட்டு அலறியது. நம் நடையணியின் வேகம் வேறு, அதன் வேகம் வேறு. தாளாளர் அந்தப் பாட்டுக்குத்தான் காலாட்டிக்கொண்டு நின்றார்.

"வேற நாள் வைக்கலாமாங்க?" என்றேன்.

"அன்னைக்கு வேற ஊர்ப் பொங்கலு இருக்கும் மாஸ்டர். இந்தப் பக்கம் பாட்டு இல்லாத நாளு ஏது?"

நியாயம்தான்.

பாண்டியம்மாள் கலங்கவில்லை. இரைச்சலைக் கேட்டதும் அவர் முகத்தில் தெளிவு வந்தது. சொந்த வீட்டுக்குள் நுழைந்தவர்போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் போய் நின்றார். அவர்களைக் கூட்டிவைத்துக் கத்தவில்லை. கத்தினாலும் கேட்காது. தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். வாயை அசைத்தார். பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஒரு குட்டி சிரித்தது. இன்னொன்று பதிலுக்கு உதட்டை அசைத்தது. ஐந்து நிமிடத்தில் பத்தும் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தன. விளையாட்டாகிவிட்டது. அரை மணி நேரத்தில் மூன்று வரியும் வந்துவிட்டது.

தாளாளர் என் பக்கம் குனிந்தார். "இந்தம்மா என்ன, பேசவே மாட்டேங்குறாக? பயமா?"

"பேசிக்கிட்டுத்தாங்க இருக்காக. ஒங்களுக்குத்தான் கேக்கல" என்றார் காதர் பாய்.

நேரம் முடிந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றன. பாண்டியம்மாள் முன்னால் டிரம்மோடு, பிள்ளைகளைப் பார்த்தபடி பின்நோக்கி நடந்து போனார். முதல் சுற்றின் முதல் வரியில் நான்கு பிள்ளைகள் பாட்டின் வேகத்துக்கு இழுபட்டன. எனக்குக் கை துடித்தது. எழுந்து போய்க் கைதட்டி எண்ணிக் கொடுக்கலாம். தொடையில் ஓங்கித் தட்டலாம். பாண்டியம்மாள் என்னைப் பார்த்திருந்தால் தட்டியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அன்று நான் செய்த வேலை அது ஒன்றுதான். இந்தத் தொழிலில் இன்றுவரை நான் செய்ததில் கஷ்டமான வேலையும் அதுதான்.

இழுபட்ட நான்கும் அவர் உதட்டைப் பார்த்துத் திரும்பி வந்தன. மௌன வரி வந்தது. டிரம் நின்றது, குத்துப்பாட்டு மட்டும் அலறியது. "டம்." பத்தும் ஒன்றாக. தாளாளர் காலாட்டுவதை நிறுத்தினார்.

இரண்டாவது சுற்று. மூன்றாம் வரியின் நடுவில் ஸ்பீக்கர் "க்ர்ர்" என்று இழுத்துக்கொண்டு செத்தது. தாழ்வாரத்து மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மின்சாரம் போய்விட்டது.

காதர் பாய் என் தோளைப் பிடித்தார். நகம் பதிந்தது. வியாழக்கிழமை இதே இடத்தில், இதே மூன்றாம் வரியில்தான் அந்தம்மாள் குச்சியை மடியில் வைத்தார்.

மூன்றாம் வரி முடிந்தது. நாலாவது வரி. டிரம் நின்றது. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. கரிசல் மண், கால் பட்டாலும் ஓசை வராது. எங்கோ ஒரு காக்கை கத்தியது. பதினோரு உதடுகள் அசைந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு.

"டம்."

தாளாளர் ஓய்ந்துபோன ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு, "கோயில்ல பாட்டு நின்னுபோச்சு. பிள்ளைக நிக்கல" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அப்புறம் பாண்டியம்மாளைப் பார்த்து, "திங்கக்கெழம வந்துருங்க டீச்சர்" என்றார். டீச்சர் என்றதும் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரையோ கூப்பிடுகிறார் என்று.

அதற்குப் பிறகு நான் வகுப்பு நடத்திய விதம் மாறியது. தாள் பார்த்து எண்ணும்போது எல்லோரும் உதட்டை அசைக்க வேண்டும் என்று வைத்தேன். மின்தடை அறிவிப்பு வந்தால் விடுமுறை விடுவதை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் பரீட்சை. மாணவர்கள் என்னைத் திட்டினார்கள், மின்வாரியத்தையும் திட்டினார்கள். நீங்கள் வகுப்புக்கு இடம் பார்க்கும்போது காற்று வருமா, தண்ணீர் வருமா என்று பாருங்கள். கூடவே, கீழே என்ன ஓடுகிறது என்றும் பாருங்கள். மாவு மில்லாக இருக்கலாம், ஜெனரேட்டராக இருக்கலாம், நீங்களே ஓயாமல் தட்டும் உங்கள் கையாகவும் இருக்கலாம். அது நின்ற பிறகு உங்கள் மாணவர் எப்படி அடிக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அன்று வேனில் திரும்பும்போது பாண்டியம்மாள் முன்சீட்டில் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அருப்புக்கோட்டை நெருங்கிவிட்டது. கடைசியில் காதர் பாயால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் டீச்சரம்மா, கரண்டு போனப்ப கை ஒதறலையா?"

பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"எப்பப் போச்சு பாய்?"